நலவாழ்வுப் பக்கம்: பழகிய இடத்து ஊசி

சென்ற திங்கள் இப்பக்கத்தில் நீரிழிவுக்காரர்தம் உணவைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த பெரியவர் ஒருவர், திலக் நகர் இரயில் நிலையத்தின் படிக்கட்டருகே என்னை நிறுத்தி, “சோற்றைக் குறைத்தாயிற்று, தம்பி. காலையில் நடையும் நடக்கிறேன். ஊசி மருந்தின் அளவும் ஏறிக்கொண்டே போகிறது. சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறதே! இதற்கு உம்முடைய பத்திரிகையில் என்ன எழுதப் போகிறீர்?” என்று கேட்டார்.

அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் இந்நகரம் வந்து, உழைத்து ஓய்ந்தவர். எழுபதைக் கடந்தவர். எங்கள் வட்டாரத்தில் சிறியோரும் பெரியோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். அவர் கேட்ட கேள்விக்கு நிலையத்தடியில் நின்றுகொண்டு விடை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. “நாளைக் காலை வீட்டுக்கு வருகிறேன், அண்ணாச்சி. நீங்கள் வழக்கம்போல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், நான் பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பார்த்தேன். குப்பியை எடுத்தார், மருந்தை இழுத்தார், பனியனைச் சற்றே தூக்கித் தொப்புளுக்கு வலப்புறம் ஓரிடத்தில், பாராமலே, பழகிய கையால் குத்திக்கொண்டார். முழுவதும் அரை நிமிடத்துக்குள் முடிந்தது. பனியனை இறக்குமுன் நான் தடுத்து, அவ்விடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பாதி எலுமிச்சம்பழம் அளவில் ஒரு தடிப்பு. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. கைக்கு நன்றாகத் தெரிந்தது.

“இங்கேதான் தினமும் போடுவீர்களா?”

“அங்கே போட்டால்தான் வலி தெரியாது. மூன்று வருடமாக அதுதான் இடம்.”

அம்மூன்று ஆண்டில் அவருடைய மருந்தளவு 24 யூனிட்டிலிருந்து 38 யூனிட்டுக்கு ஏறியிருந்தது. சீட்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு சீட்டிலும் சர்க்கரையின் அளவு இருந்தது. கூட்டிய யூனிட் இருந்தது. பனியனைத் தூக்கச் சொன்னவர் ஒருவரும் இலர். முதல் நாள் ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று வினவினேன். மருந்துக் கடைப் பையன் என்றார். அவன் மீதும் குறை சொல்வதற்கில்லை. குப்பியைக் கொடுத்தவன், எப்படிக் குத்துவது என்று அன்போடு காட்டியும் கொடுத்திருக்கிறான். அது அவன் வேலையன்று என்பதுதான் குறை.

அன்பர்களே, இத்தடிப்பு யாது என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். இன்சுலின் சர்க்கரையை மட்டும் குறைக்கும் பொருளன்று. தான் சேரும் இடத்துக் கொழுப்பை வளர்க்கும் இயல்பும் அதற்கு உண்டு. ஒரே இடத்தில் நாள்தோறும் குத்தினால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அங்கே பெருத்து மெத்தென்றோ ரப்பர் போலவோ தடிக்கும். தடித்த இடத்தில் உணர்ச்சி குறைவு. ஆதலின் வலியும் குறைவு. வலி குறைவதால் மனிதர் மேன்மேலும் அங்கேயே குத்திக்கொள்வர். கட்டி தனக்கு வேண்டிய தீனியைத் தானே வரவழைத்துக்கொள்கிறது!

அதனுள் சென்ற மருந்து ஒழுங்காக இரத்தத்தில் சேர்வதில்லை. ஒரு நாள் மெல்லக் கசியும், சர்க்கரை ஏறும். வேறொரு நாள், யாதொரு காரணமும் புலப்படாமல், விரைந்து சேரும். சர்க்கரை சரேலென்று இறங்கும். அண்ணாச்சி கடந்த மழைக்காலத்தில் இருமுறை விடியற்காலையில் உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிக் குளியலறை வாயிலில் அமர்ந்துவிட்டாராம். வீட்டார் இருதயக் கோளாறு என்று அஞ்சிப் படமெல்லாம் எடுத்துப் பார்த்திருக்கின்றனர். இருதயம் நன்றாகத்தான் இருந்தது.

இஃது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று. ஸ்பெயின் நாட்டில் இன்சுலின் போட்டுக்கொள்வோர் 430 பேரை ஆராய்ந்து 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. அவர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு இத்தகைய தடிப்பு இருந்தது. முறையாக இடம் மாற்றிக் குத்தியவர்களிடத்தோ நூற்றுக்கு 5 பேருக்கே காணப்பட்டது. தடிப்புள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 56 யூனிட் செலுத்திக்கொண்டனர். இல்லாதோர்க்கு 41 யூனிட் போதியதாயிருந்தது. அந்தப் பதினைந்து யூனிட்டும் காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்குள் கொட்டியது. காரணம் தெரியாமல் சர்க்கரை தாழ்ந்துபோதல் தடிப்புள்ளோரில் நூற்றுக்கு 39 பேருக்கு நேர்ந்தது; மற்றோரில் 6 பேருக்கே நேர்ந்தது.

நம் நாட்டில் எத்தனை பேருக்கு இந்நோய் என்பதைச் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் நடத்திய பேராய்வு 2023-இல் வெளியிட்டது: 10 கோடியே 10 இலட்சம் பேர். அவர்களுள் ஒரு பகுதியினரே ஊசிக்காரர். ஆயினும் அந்தப் பகுதியும் பெருங்கூட்டமே.

கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. டொராண்டோ நகரில் 1922 ஜனவரி 11-ஆம் நாள் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் இன்சுலின் செலுத்தினர். மருந்து தூய்மை போதாமையால் அன்று பலன் சிறிதே கிட்டியது. தூய்மைப்படுத்திப் பன்னிரண்டு நாள் கழித்துச் செலுத்தியபோதுதான் பிள்ளை தேறினான். அதன்பின் மருத்துவர்களுக்கு விளங்கிய உண்மை ஒன்று: இம்மருந்தை ஆயுள் முழுவதும் நாள்தோறும் செலுத்த வேண்டும், அதற்கு மருத்துவர் வீடுதோறும் வர இயலாது, நோயாளியே கற்றாக வேண்டும். பாஸ்டன் நகரத்து ஜாஸ்லின் என்னும் மருத்துவர் இதற்கெனவே செவிலியரைப் பழக்கினார். நம் பக்கத்தில், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். இந்நகரிலோ 1955-இல் இந்திய நீரிழிவுச் சங்கம் தோன்றியது. கண்ணாடிச் சிரிஞ்சியைக் கொதிநீரில் இட்டு, சாணைக்கல்லில் ஊசி தீட்டிய காலம் அது. அக்காலத்து மூதாட்டியர் சிலர் இன்றைய படித்த பிள்ளைகளைவிட நேர்த்தியாக ஊசி போடுவதை நான் கண்டிருக்கிறேன். யாரோ ஒரு செவிலி உடனிருந்து கைபிடித்துக் கற்றுக்கொடுத்ததன் பயன் அது.

ஊசி போடும் முறைக்கென்றே இந்திய மருத்துவர்கள் கூடி ‘ஃபிட் இந்தியா’ என்ற பெயரில் 2012-இல் முதல் பரிந்துரையை வெளியிட்டனர். பின்னர் அதனைத் திருத்தியும் விரித்தும் வெளியிட்டுள்ளனர். (இதே பெயரில் அரசு நடத்தும் உடற்பயிற்சி இயக்கம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா.) நான் இனிக் கூறுவன பெரிதும் அப்பரிந்துரைகளோடு ஒத்தவை.

வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரு விரற்கடை விட்டுவிடுக. மிகுந்த இடத்தை மனத்தால் நான்கு கட்டங்களாக வகுத்துக்கொள்க. தாயக்கட்டம் ஆடியவர்க்கு இதனைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஒரு வாரம் ஒரு கட்டம். அடுத்த வாரம் கடிகார முள் செல்லும் திசையில் அடுத்த கட்டம். ஒரே கட்டத்துக்குள்ளும் நேற்றுக் குத்திய புள்ளியிலிருந்து ஒரு விரல் தள்ளியே இன்று குத்த வேண்டும். தொடையின் முன்புறத்து வெளிப்பக்கமும் உகந்ததே. ஆனால் காலை வயிறு, மாலை தொடை என்று வகுத்துக்கொண்டால் அவ்வண்ணமே தொடர்க. இன்று இங்கே, நாளை அங்கே என்று மாற்றக்கூடாது. வயிற்றில் மருந்து விரைவாகவும் தொடையில் மெதுவாகவும் சேரும் என்பதே காரணம்.

பேனா ஊசியாயின் 4 மில்லிமீட்டர் நீளமே பருத்தவர்க்கும் மெலிந்தவர்க்கும் போதும், நேராகக் குத்தலாம். பருத்தவர்க்கு நீண்ட ஊசி வேண்டும் என்பது தவறு. தோலின் கனம் எல்லார்க்கும் ஏறக்குறைய ஒன்றே. பருமன் அதற்குக் கீழேதான். சிரிஞ்சியின் ஊசி அதனினும் நீளமாதலால் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலை மெல்லத் தூக்கிக் குத்துக. ஐந்து விரலாலும் சப்பாத்தி மாவைப் போல் பிடித்தால் தசையும் சேர்ந்து வந்துவிடும். தசையில் இறங்கிய மருந்து வேகமாய்ப் பாய்ந்து சர்க்கரையைத் தாழ்த்திவிடும்.

பேனாவில் ஒவ்வொரு முறையும் முதலில் 2 யூனிட் வெளியே தள்ளி ஊசி முனையில் துளி வருகின்றதா என்று பார்க்க. குத்தி அழுத்தியபின் பத்து எண்ணி எடுக்க. பலர் அழுத்திய கணமே பிடுங்கிவிடுகின்றனர். மருந்தில் சில துளி தோலின்மேல் நிற்கும். குத்திய இடத்தைத் தேய்க்க வேண்டா. பால்போல் கலங்கிய இன்சுலினாயின், உள்ளங்கைகளுக்கு இடையே பத்து முறை உருட்டிப் பத்து முறை தலைகீழாய்ச் சாய்த்து, ஒரே வெண்மையானபின் எடுக்க. கண்ணாடியின் அடியில் படிந்த வெண்ணிறமும் மருந்தே. அதைக் கலக்காது எடுப்பவர் மாதத்தின் முற்பகுதியில் ஒரு மருந்தும் பிற்பகுதியில் வேறொரு மருந்தும் போட்டுக்கொள்கின்றனர் என்றே கொள்ளலாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். தாராவியிலும் நம் பகுதியிலும் ஒற்றையறை இல்லங்களில், மறைவுக்கு இடமின்றி, புடவையின் மேலேயே ஊசியைச் செலுத்திக்கொள்ளும் தாய்மார் உளர். துணியின் வழியே குத்தினால் தோல் தெரியாது, தடிப்பும் தெரியாது, ஊசி எவ்வளவு இறங்கியது என்பதும் தெரியாது. வீட்டு ஆடவர் அந்த ஐந்து நிமிடம் வெளியே நின்று வந்தால் என்ன?

அடுத்துக் கூறுவதைச் சிரிஞ்சி பயன்படுத்துவோர் தவறாது படிக்க. நம் நாட்டுக் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டவை. பேனாவின் மருந்தும், அயல்நாட்டுக் குப்பிகளும், இங்கே விற்கும் சில குப்பிகளும் 100 யூனிட் கொண்டவை. இரண்டுக்கும் சிரிஞ்சி வேறு வேறு. 40-க்கு உரியது சிவப்பு மூடி. 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சியில் 20 கோடு இழுத்தால், உடலுக்குள் செல்வது 20 யூனிட் அன்று, 50 யூனிட்! உயிருக்கே ஆபத்து. மாறாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் 20 கோடு இழுத்தால் 8 யூனிட்டே செல்லும். நம்மவர் வீடுகளில் துபாயிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் இருக்கின்றனர். ஊருக்கு வரும்போது அப்பாவுக்கென்று அன்போடு மருந்தோ சிரிஞ்சியோ வாங்கி வருகின்றனர். அவ்வன்பை ஏற்றுக்கொள்ளுமுன் குப்பியின் மீதும் சிரிஞ்சியின் மீதும் உள்ள எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பேனாக் குழாயிலிருந்து சிரிஞ்சியால் மருந்தை உறிஞ்சுவதும் இக்காரணத்தாலேயே தகாது.

மருந்தைப் பேணுதல் பற்றி அன்பர் பலர் அளவுக்கு மீறி அஞ்சுகின்றனர். திறவாத மருந்தைக் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில் வைக்க. பனி உறையும் தட்டில் ஆகாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் மீண்டும் உருகினாலும் பயனற்றது. பயன்பாட்டில் உள்ளதை வெயில் படாத இடத்தில் வெளியே வைத்து நான்கு வாரம்வரை பயன்படுத்தலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணல் இட்ட மண்பானையுள் சிறு பானை வைத்து அதில் வைக்கலாம். கென்யா நாட்டு அகதிகள் முகாம் ஒன்றின் வெப்பத்தை, 25 பாகை முதல் 37 பாகை வரை, நான்கு வாரம் இன்சுலினுக்குக் காட்டிச் சோதித்த ஜெனீவாப் பல்கலைக்கழகத்தாரும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினரும், குளிரில் வைத்ததற்கும் இதற்கும் ஆற்றலில் வேறுபாடில்லை என்று 2021-இல் தெரிவித்தனர். ஆதலால் குளிர்பெட்டி இல்லை என்று எவரும் ஊசியை நிறுத்திவிட வேண்டா.

ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது பற்றிக் கேட்பீர்கள். ஒரு முறைக்கு ஒன்று என்பதே விதி. இரண்டாம் முறையிலேயே முனை மழுங்கத் தொடங்கும். தடிப்புக்கு அதுவும் ஒரு காரணம். வாங்கும் வசதியின்மை நான் அறியாததன்று. எங்ஙனமாயினும், ஒருவர் ஊசியையோ பேனாவையோ மற்றொருவர், கணவன் மனைவியேயாயினும், தொடவே கூடாது. பயன்படுத்திய ஊசியை வீதிக் குப்பையில் எறிவதும் கூடாது. அக்குப்பை தேவனார் மேட்டுக்குப் போகிறது. தாராவியில் பழம்பொருள் பிரிப்போர் கைக்குப் போகிறது. அக்கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. கனத்த பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, இறுக மூடி, பெயரெழுதித் தனியே கொடுக்க. வீட்டு ஊசிகளைத் தனியே பிரித்துக் கொடுக்க வேண்டிய கழிவு என்று 2016-ஆம் ஆண்டு அரசு விதிகளே வகுத்தன.

அண்ணாச்சியின் கதைக்கு வருகிறேன். தடிப்பைக் கண்ட அன்றே அவர், “சரி, இன்று மாலையிலிருந்து இடப்புறம் போடுகிறேன்” என்று எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து அமர்த்தினேன். இதுவரை கட்டி விழுங்கிக்கொண்டிருந்த மருந்து, நல்ல தோலில் போட்டால் முழுவதும் இரத்தத்தில் சேரும். பழைய 38 யூனிட்டை அப்படியே புது இடத்தில் செலுத்தினால் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மருத்துவரைக் கேளாமல் இடத்தையும் மாற்றாதீர்கள், அளவையும் மாற்றாதீர்கள் என்றேன். மறுநாள் மருமகளும் உடன் சென்றார். மருத்துவர் தடவிப் பார்த்தார்; சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின் அளவைக் குறைத்து எழுதி, முதல் சில வாரம் நாளுக்கு நான்கு முறை சர்க்கரை பார்க்கச் சொன்னார்.

ஐந்தாம் நாள் இரவு வியர்த்தது. அம்முறை வீட்டார் அஞ்சவில்லை. மருமகள் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் விரலில் குத்திப் பார்த்து, காலையில் மருத்துவருக்குச் சொல்ல, அளவு மேலும் குறைந்தது. இன்று 29 யூனிட்டில் நிற்கிறது. புது இடம் வலிக்கிறது என்று அண்ணாச்சி தினமும் முணுமுணுக்கிறார். கட்டி இன்னும் கரையவில்லை; மாதங்கள் ஆகலாம்.

வரும் வாரம் பேத்தியின் சடங்குக்கு அவர் திருநெல்வேலி செல்கிறார். தாதரில் ஏறினால் ஒன்றரை நாள் பயணம். பெட்டியைக் கட்டும்போது போயிருந்தேன். ஊசி மருந்து பெரிய பெட்டிக்குள் போகக்கூடாது, கைப்பையில் இருக்கட்டும், சன்னல் வெயிலில் வைக்காதீர்கள் என்றேன். மருமகள் ஈரத் துணி சுற்றிய சிறு பையில் இரண்டு குப்பியும் சிவப்பு மூடிச் சிரிஞ்சிகளும் வைத்தார். பக்கத்தில் ஒரு பொட்டலம் சர்க்கரையும் வைத்தார். பின், மாமனார் காணாதபடி, வயிற்றின் நான்கு கட்டங்களையும் ஒரு தாளில் வரைந்து, ஊரில் இருக்கும் நாட்களில் எந்தக் கட்டம் என்று தேதி குறித்துப் பைக்குள் சொருகினார்.

அடுத்த திங்கள், நீரிழிவுக்காரர் பாதங்களைப் பேணுதல் பற்றி.